திருத்தல யாத்திரையும் வாகனப் பாதுகாப்பும்

(தைப்பூச யாத்திரைக்கு முன்னதாக ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகத் திருமுறை கற்ற பெரியோர் பேசுவார்கள். அடியேன் அத்தகைய கல்வி உடையவன் அல்லன். சுங்கைப் பட்டாணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கார்க் கண்ணாடி மாற்றும் பட்டறை நடத்தி வருபவன். "தைப்பூசத்திற்கு நம் மக்கள் நூற்றுக்கணக்கில் வண்டி எடுத்துக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது சிலர் நேராக உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். இவ்வாண்டு அவர்கள் போவதற்கு முன்னரே நீங்கள் பேசிவிடுங்கள்" என்று தலைவர் அவர்கள் பணித்தார். என் தொழிலுக்கு நட்டம் உண்டாக்கும் பணிதான் என்றாலும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

நான் பீடோங்கிற்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களில் பலரும் ஹார்வர்டு, டப்ளின், விக்டோரியா போன்ற தோட்டங்களிலிருந்து வந்தவர்களே. நம் தோட்ட வீடுகளில் பூட்டு இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்திற்குப் போகும் தாய் கதவைச் சாத்திவிட்டுப் போவாள், அவ்வளவுதான். லயத்தில் யார் நுழைந்தாலும் பத்துக் கண்கள் பார்க்கும். திருட்டு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டிப்பால் காணாமற்போகும், தீபாவளிக்கு முந்திய வாரம் சேவல் காணாமற்போகும். ஆனால் எடுத்தவன் யார் என்பது மறுநாள் மாலைக்குள் தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும்.

அக்காலத்தில் தைப்பூசத்திற்குச் சென்றவர்கள் தோட்டத்து லோரியிலோ பேருந்திலோ பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து பெரி ஏறிக் கடல் கடந்து போனார்கள். கையிருப்பு எல்லாம் ஒரு துணி மூட்டை. அந்த மூட்டை வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் வீடு திரும்பும் வரை பாட்டியின் மடியை விட்டு இறங்காது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994 செப்டம்பரில், புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கஞ்சில் வந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கார் வாங்கின. இது நம் உழைப்பின் பயன், பெருமைக்குரியது. ஆனால் பாட்டியின் மடியில் இருந்த மூட்டை அன்றிலிருந்து காரின் இருக்கைக்கு இடம் மாறிவிட்டது. லயத்தின் கதவைச் சாத்திவிட்டுப் போன அதே மனத்தோடு நாம் கார்க் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். பத்துக் கண்கள் மட்டும் அங்கே இல்லை.

புதிய வண்டி வாங்கினால் ஆலயத்திற்குக் கொண்டுவந்து பூசை செய்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். முன்பலகையில் விநாயகரை வைக்கிறோம். இவை யாவும் முறையே. என் வண்டியிலும் விநாயகர் இருக்கிறார். எனினும், உடைந்த கண்ணாடித் துகள்களுக்கு நடுவே அந்த விநாயகர் மட்டும் அசையாமல் வீற்றிருக்கும் வண்டிகள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி என் தொழில் தெரிந்த விஷயத்திற்கு வருகிறேன். வண்டியின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழித் தாளை வைத்து ஒட்டியது. அது உடைந்தாலும் பிளவுபட்டு அப்படியே நிற்கும். பக்கக் கண்ணாடி பொதுவாக அவ்வாறானது அன்று. சூடேற்றிச் சட்டென்று குளிர வைத்துப் பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி அது. விபத்தில் மனிதரைக் கிழித்துவிடாமல் சிறு மணிகளாக உதிர வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். அதனால் அது ஒரே அடியில் முழுவதும் உதிர்ந்துவிடும். கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன், உள்ளே இருப்பது தெரியாது என்று சிலர் நம்புகிறார்கள். கைப்பேசி விளக்கைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். உடையும்போது அந்தத் தாள் துகள்களைச் சிதறாமல் பிடித்துக்கொள்வதால் திருடனுக்கு அது வசதியாகவும் போய்விடுகிறது. ஆகவே பூட்டிய கார் என்பது பெட்டகம் அன்று. கண்ணாடியால் ஆன ஒரு காட்சிப் பேழை என்று கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த வண்டிகளின் உரிமையாளர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே கதைதான். உள்ளே ஏதோ ஒன்று வெளியே தெரிந்திருக்கிறது. அல்லது அதை ஒளித்து வைப்பதை யாரோ பார்த்திருக்கிறார்கள். முதலாவதை எல்லாரும் அறிவர். இரண்டாவதைத்தான் நம் மக்கள் உணர்வதில்லை. தண்ணீர்மலைக்கு அருகே தெருவோரமாக வண்டியை நிறுத்துகிறோம். எல்லாரும் இறங்கிய பிறகு, அம்மா தம் கைப்பையைக் கொண்டுவந்து பின்பெட்டியில் வைக்கிறார். மருமகள் தம் பையை வைக்கிறார். பையன்கள் கைப்பேசிகளைத் துண்டில் சுற்றி உள்ளே தள்ளுகிறார்கள். அப்பா மேலே ஒரு பாயைப் போட்டு மூடுகிறார். எதிர்ப்புறம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டிருப்பவனுக்கு இதைவிட வேறென்ன அறிவிப்பு வேண்டும்? மேலும், கஞ்சில், மைவி போன்ற வண்டிகளில் பின்பெட்டி என்பது தனி அறை அன்று. பின்னிருக்கையை மடக்கினால் கைக்கு எட்டிவிடும். ஆகவே, மறைக்க வேண்டியதை வீட்டு வாசலிலேயே மறைத்துவிட வேண்டும். நிறுத்திய இடத்தில் பின்பெட்டியைத் திறக்கவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் கூட நான் இங்கே வந்த காரியம் நிறைவேறியதாகும்.

பூட்டிவிட்ட பிறகு கதவுப் பிடியை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். தொலைவிலிருந்து பொத்தானை அழுத்திவிட்டு, பின்னால் திரும்பாமலே நடப்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தச் சமிக்ஞையை இடைமறித்துத் தடுக்கும் கருவிகள் திருடர்களிடம் இருக்கின்றன. வண்டி பூட்டிக்கொண்டது என்று எண்ணி நாம் போய்விடுவோம்; அது திறந்தே கிடக்கும்.

நம் பக்தர்களின் சிக்கல் தனிப்பட்டது. கடைக்குப் போகிறவர் கைப்பையைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பால்குடம் எடுப்பவர் என்ன செய்வார்? இரு கையும் குடத்தில். மஞ்சள் ஆடையில் சட்டைப்பை கிடையாது. காவடி எடுப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். ஆகவே பணப்பை, அடையாள அட்டை, கைப்பேசி, வீட்டுச் சாவி, கழற்றி வைத்த சங்கிலி ஆகிய யாவும் காரில்தான் இருக்கும் என்பது நமக்குத் தெரிவது போலவே திருடனுக்கும் தெரியும். நாம் திரும்பி வரப் பல மணி நேரம் ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். நகையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முருகன் சந்நிதிக்கு மஞ்சள் கயிறு போதும். ஒவ்வொரு குடும்பத்திலும் நேர்த்திக்கடன் இல்லாத ஒருவர் அன்று பொருள் காப்பவராக இருக்கட்டும். குழுவாகப் போகிறவர்கள் பத்துக் குடும்பத்திற்கு இருவரை நியமிக்கலாம். அதுவும் ஒரு தொண்டுதான். பால்குடத்திற்குக் குறைந்தது என்று நான் கருதவில்லை.

கருமக்கிரியைக்காகக் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ செல்லும்போதும் இதே நிலைதான். ஆளரவமற்ற சாலையோரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். குடும்பம் முழுவதும் துயரத்தோடு நீரில் இறங்கி நிற்கும். சாவி கரையில் கழற்றி வைத்த சட்டைக்குள் கிடக்கும். அன்றைய நாளில் யாருக்கும் இதைச் சொல்ல மனம் வராது என்பதால்தான் இன்றே சொல்லிவைக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 2006ஆம் ஆண்டுத் தைப்பூசம் சனிக்கிழமையில் வந்தது. அன்று மாலை கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருட்டும் வேளையில் ஒரு பழைய புரோட்டோன் வீரா வாசலில் வந்து நின்றது. பின்பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் நெகிழிப் பையை ஒட்டியிருந்தார்கள். "அண்ணே, பினாங்கில் உடைச்சிட்டானுங்க. நாளைக்குக் காலையில அலோர் ஸ்டார் போகணும். எப்படியாவது போட்டுக் குடுங்க" என்றார் ஓட்டி வந்த மகன். பையில் இருந்த நகையும் நானூறு வெள்ளியும் போய்விட்டன என்று மருமகள் அழுதுகொண்டிருந்தார்.

வண்டிக்குள் ஒரு மூதாட்டி அழாமல் அமர்ந்திருந்தார். நான் அருகில் போனதும், "தம்பி, நகை போனா போவுது. எங்கப்பா காயிதம் சீட்டுக்கு அடியில இருக்கா, கொஞ்சம் பாருங்க" என்றார்.

அந்த அம்மையார் ஜப்பான்காரன் காலத்தில் கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிவு செய்ய ஆளில்லாத காலம். தந்தையைச் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. பிற்காலத்தில், தோட்டத்துக் கிராணி ஒருவர் பழைய ஆள்கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, இன்னாருடைய மகள், இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் என்று ஒரு தாளில் எழுதி, துரையின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு தாள்தான் அவருக்குப் பிறப்புப் பத்திரம். அவர் கையில் இருந்ததோ சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்து, மூலப் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. நம் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும் அல்லவா? தைப்பூசம் முடித்து மறுநாளே போய்விடலாம் என்று, மறந்துவிடக் கூடாதே என்பதற்காக, வெள்ளிக்கிழமை இரவே எல்லாத் தாள்களையும் ஒரு பையில் போட்டுக் காரில் வைத்துவிட்டார்கள். பார்ப்பதற்குப் பணப்பை போலவே இருக்கும் பை.

திருடர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். தங்களுக்குப் பயன்படாததை அவர்கள் நெடுந்தூரம் சுமந்து செல்வதில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு பையை அடுத்த சந்தின் சாக்கடையிலோ புதரிலோ குப்பைத் தொட்டியிலோ வீசிவிட்டுப் போவது வழக்கம். மகனும் நானும் அன்றிரவே பாலத்தைக் கடந்து திரும்பிப் போனோம். வண்டி நின்ற இடத்திலிருந்து மூன்றாவது சந்தில் பை கிடைத்தது, நீர் ஓடும் சாக்கடையில். பிள்ளைகளின் பத்திரங்கள் நெகிழி உறையில் இருந்ததால் தப்பின. கிராணி எழுதிய தாள் கையில் எடுத்ததும் கூழாக வந்தது. முத்திரையின் ஓரத்தில் ஊதா நிறம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

அந்தத் தோட்டம் அதற்குள் கைமாறி, வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டிருந்தது. கிராணி காலமாகிவிட்டார். அலுவலகக் கட்டடமும் இல்லை, புத்தகமும் இல்லை. வேறு சாட்சியங்களைத் தேடிச் சில ஆண்டுகள் அலைந்தார்கள். அந்த அம்மையார் இன்று நம்மிடையே இல்லை. இறுதி வரையில் அவரிடம் இருந்தது சிவப்பு அட்டைதான். கண்ணாடிக்கு நான் பணம் வாங்கவில்லை என்பதைத் தவிர அவருக்கு என்னால் வேறொன்றும் செய்ய இயலவில்லை.

இக்காரணத்தால்தான், நகையைவிடப் பத்திரங்களைப் பற்றி நான் அதிகம் வற்புறுத்துகிறேன். மூலப் பத்திரம் வீட்டை விட்டு வெளியேறுவது, அலுவலகத்திற்கு நேராகச் செல்லும் நாளில் மட்டுமே. அன்றும் அது கையில்தான் இருக்க வேண்டும். வழியில் சாப்பிட இறங்கினால் அதுவும் உடன் இறங்கட்டும். இன்று எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய அடையாள அட்டைகள், பெரியவர்களிடம் உள்ள இந்தியக் கடப்பிதழ் ஆகிய யாவற்றையும் இன்றிரவே படம் எடுத்து, பிள்ளைகள் இருவர் மூவரிடம் அனுப்பி வையுங்கள். படம் மூலப் பத்திரத்திற்கு ஈடாகாது. ஆனால் அதில் உள்ள எண்ணும் தேதியும் இருந்தால் மீண்டும் கேட்டுப் பெறுவதற்கு ஒரு வழி இருக்கும். அந்தத் தாளுக்கு அப்படி ஒரு படம் கூட இல்லாமல் போயிற்று.

அடையாள அட்டையைப் பற்றி இன்னொரு செய்தி. அதில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறது. அதே பையில் வீட்டுச் சாவியும், தானியங்கி வாயிற்கதவின் பொத்தானும் இருந்தால், வீடு எங்கே இருக்கிறது, வீட்டில் ஆளில்லை என்பது உட்பட யாவற்றையும் நாமே எழுதிக் கொடுத்தது போலாகும். இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். வாகன உரிமைப் பத்திரமான கிராண்டையும் வண்டியில் வைத்துச் செல்ல வேண்டாம்.

நெடுஞ்சாலையில் பத்துமலைக்கோ ஈப்போ கல்லுமலைக்கோ செல்வோர் குனோங் செமாங்கோல், தாப்பா போன்ற ஓய்வுத் தலங்களில் இறங்கும்போது, ஒருவராவது வண்டியருகே இருப்பது நலம். எண்ணெய் நிலையத்தில் பணம் கட்டப் போகும்போது இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு நிமிடந்தானே" என்று குழந்தையை உள்ளே விட்டுச் செல்லாதீர்கள். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து கண்ணாடியை உடைத்து மடியில் உள்ள பையைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். பை காலடியில் இருக்கட்டும். வங்கியிலிருந்து பணம் எடுத்து வரும்போது "ஐயா, டயரில் காற்று இல்லை" என்று யாராவது சைகை காட்டினால், இறங்காமல் ஆள் நடமாட்டமுள்ள இடம் வரை ஓட்டிச் செல்லுங்கள். ஒருவன் பேச்சுக் கொடுப்பான். மற்றவன் மறுபக்கக் கதவைத் திறப்பான்.

வண்டியையே கொண்டுபோவதும் உண்டு. தாய்லாந்து எல்லை நமக்கு மிக அருகில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளுக்கு ஸ்டீயரிங் பூட்டும் பெடல் பூட்டும் போட்டால் திருடனின் நேரம் கூடும். நேரம் கூடினால் அவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். சாவி செருகாமலே ஓடும் புதிய வண்டிகளுக்கு வேறு ஆபத்து. வீட்டிற்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையைக் கருவி கொண்டு வெளியே நிற்கும் வண்டி வரை நீட்டிவிடுகிறார்கள். சாவியை வாசலருகே மாட்டாமல் மூடியுள்ள பிஸ்கட் தகரத்திற்குள் போட்டு வையுங்கள். அதிலேயே பாதிக் கவலை தீரும். தகரம் சரியாக வேலை செய்கிறதா என்பதை, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக் கதவைத் திறக்க முயன்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கார்களைவிட மோட்டார் சைக்கிள்களே அதிகம் திருட்டுப் போகின்றன. நம் குரூணில் செய்த மோடேனாஸ் கிரிஸ் ஆனாலும் சரி, விலை உயர்ந்த யமாஹா ஆனாலும் சரி, கைப்பிடிப் பூட்டு மட்டும் போதாது. சக்கரத்திற்கு ஒரு சங்கிலி போட்டு, அதைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

காப்புறுதியைப் பற்றிப் பலரும் தவறாகவே எண்ணியிருக்கிறார்கள். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், வண்டிக்குள் இருந்த நகைக்கும் கைப்பைக்கும் அதில் இழப்பீடு கிடையாது. கண்ணாடிக்கும் தனியாகச் சேர்த்துக் காப்புறுதி வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்கியிருந்தால், கண்ணாடிக்காகக் கோருவதால் உங்களுடைய கழிவுச் சலுகை குறையாது. ஐந்தாண்டுகள் கோரிக்கை இல்லாதவர்களுக்கு அது 55 விழுக்காடு. இழந்தால் பெரிய நட்டம். காப்புறுதி நிறுவனத்திற்குச் சொல்லாமல் கண்ணாடியை மாற்றிவிட்டு வராதீர்கள். என் கடையானாலும் முதலில் படம் எடுத்துக்கொண்டுதான் கை வைப்பேன்.

உடைந்த வண்டியைக் கண்டால், உள்ளே கையை விட்டுத் துழாவாமல் படம் எடுங்கள். வங்கி அட்டைகளை முடக்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பிறகு சுற்றியுள்ள சந்துகளையும் சாக்கடைகளையும் தேடுங்கள், மழை வருவதற்கு முன். திருடன் இன்னும் உள்ளே இருந்தால் அவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். விலகி நின்று 999 எண்ணை அழையுங்கள்.

சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாகனத் திருட்டுக்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவில் ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குவோருக்கு 411ஆம் பிரிவு இருக்கிறது. பெட்டியும் ரசீதும் இல்லாத கைப்பேசி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், அது யாருடைய காரில் இருந்தது என்று நாம் கேட்கிறோமா? தோட்டங்கள் கைமாறிய பின்னர் வழி தெரியாமல் திரிந்த நம் பிள்ளைகள் சிலரும் இத்தொழிலில் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். அவர்களுக்காக இந்த ஆலயம் என்ன செய்யலாம் என்பது இன்னொரு நாள் பேச வேண்டிய பேச்சு. பேசத்தான் வேண்டும்.

இவ்வாண்டு ஏற்பாட்டைத் தலைவர் அவர்கள் அறிவிக்கச் சொன்னார். நம் ஆலயத்திலிருந்து செல்லும் வண்டிகள் ஒரே பகுதியில் சேர்ந்து நிறுத்தப்படும். இளைஞர் பிரிவினர் இருவர் இருவராக, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை முறை மாற்றிக்கொண்டு, அங்கே காவல் இருப்பார்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிடலாம். பூட்டுகளில் மூன்று வகை கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் என் வண்டியில் அவற்றை மாட்டிக் காட்டுகிறேன். தாய்மார்களும் வந்து பார்க்க வேண்டும். அவற்றைப் பூட்டுவதற்குப் பெரிய பலம் தேவையில்லை.